மரம் பாட்டைக் கேட்டவர்கள்

என் மேசையில் ஒரு கேசட் இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதப்படவில்லை. தொடக்கத்திலிருந்தே அது காலிதான். இப்போது பழுத்த இலை நிறத்துக்கு வந்திருக்கிறது. போன மாசியில் டிரைவரின் மகனிடமிருந்து இதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் நாளானது. பாட்டுக் கேட்கும் ஆசையில் இதை வாங்கவில்லை. மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

டிரைவர் என்று நான் சொல்பவர், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் தனியார் பஸ்ஸை ஓட்டியவர். அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். வாரத்தில் பாதி நாள் அவர் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அந்தத் தடத்தில் எந்தப் பாட்டு ஊர்களுக்குள் போக வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானித்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. புதிய கேசட் எதுவானாலும் மலை ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்று ஒரே ஒரு தடவை போடுவார். பிறகு வைத்துக்கொள்வார், அல்லது கொடுத்தவரிடமே திருப்பித் தந்துவிடுவார். யாரிடமும் அபிப்பிராயம் கேட்க மாட்டார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பயணிகளின் கைகளைப் பார்ப்பார். "தலய யாரு வேணா ஆட்டுவான். முன்சீட்டுக் கம்பியில வெரலு தட்டுதா, அதப் பாரு," என்பார். விரல் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

தம்பி அந்தக் கேசட்டை அவரிடம் கொடுக்கத் துணிந்ததற்குக் காரணமும் அதுதான். தம்பி என் உறவல்ல. சேலம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்குத் தம்பி. அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் சினிமாப் பாட்டு வாசித்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் அது அலுத்துப்போய்த் தாங்களே ஆறு பாட்டுக் கட்டினார்கள். கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் கிடங்கில், உத்தரத்திலிருந்து ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அவற்றைப் பதிவு செய்தார்கள். தப்பானால் திரும்பப் பாடுவது என்பதெல்லாம் இல்லை. அதற்கான நேரமும் அவர்களுக்கு இல்லை, கிடங்கின் சாவி அவர்களிடம் இருந்ததும் கொஞ்ச நேரம்தான். அதனால் கேசட்டில் காக்கை கரைகிறது. ஒருவர் இருமுகிறார். இரண்டாவது பாட்டுத் தொடங்குவதற்கு முன் கிடாரின் ஒரு கம்பி சுதி இறங்கி, அப்படியே கடைசிவரை போகிறது.

கேட்டவர்கள் சொன்னதை நான் குறித்துவைக்கவில்லை, ஆனால் மறக்கவுமில்லை. முதலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எந்தப் படம்? படமில்லை என்றால், படமே இல்லாமல் பாட்டு எதற்கு என்றார்கள். கேசட் கடைக்காரர், தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருக்கிறது என்றார். டீக்கடையில் ஒரு கணக்கு வாத்தியார், தாளம் இருக்கிறது, பாட்டு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டாவதாக ஒரு கேள்வி வந்தது: பாடுவது யார், எந்த ஊர்? பதில் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்பார்கள். தம்பி ஊருக்கு வெளியே இருந்த காலனியைச் சேர்ந்தவர். அது தெரிந்த பிறகு அபிப்பிராயம் மாறியதைப் பல தடவை நேரில் பார்த்தேன். சிலர் முதலில் சொன்னதைவிடக் குறைத்துச் சொன்னார்கள். சிலர் தம்பிக்கு வருத்தம் வரக் கூடாதென்று கூட்டிச் சொன்னார்கள். இரண்டாவது வகைதான் அவரை அதிகம் வருத்தியது. யார் பாடியது என்று தெரியாத ஒருவர் வாயிலிருந்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு தன் பெயரை அந்தப் பட்டையில் எழுத வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் பட்டை காலியாக இருந்தது.

அவை இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கிறார்கள், எங்கள் பங்கைத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்டவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. சாலைகளில் புளியமரங்கள் வெட்டிப் போடப்பட்டன. வேறு சிலவும் நடந்தன. சில ஊர்களில் காலனிக் கூரைகள் எரிந்தன. யார் கொளுத்தியது என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பதில்கள் இருந்தன. நான் செய்தியில் இரண்டையும் எழுதினேன், ஆசிரியர் குழு இரண்டையும் வெட்டியது. பஸ்கள் அறிவிப்பைப் பார்த்து ஓடின, நின்றன. மறியல் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட ஒரு காலையில் மலை பஸ் கிளம்பியது. கேசட் டிரைவர் கையில் இருந்தது. தம்பி என் பக்கத்தில் சன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பயணிகள் பேசுவதைக் கேட்க வந்திருந்தார்.

முதல் பாட்டுக்கு யாரும் அசையவில்லை. பின்சீட்டில் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், சாமி வந்தவன் மாதிரி கத்துகிறான் என்று சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். இரண்டாவது பாட்டு ஓடும்போது டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கோ ஒரு விரல் அசைவது போலிருந்தது. பஸ்ஸின் உதறலாகவும் இருக்கலாம். மூன்றாவது பாட்டுத் தொடங்கியதும் கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு வளைவில் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. வெட்டு வாய் ஈரமாக இருந்தது. மறியல் முடியவில்லை. நூறு பேருக்குக் குறையாத கூட்டம். பாதிப் பேர் கையில் அரிவாளோ கோடாலியோ இருந்தது.

மூன்றாவது பாட்டை முந்தைய மழைக்காலத்தில் தம்பி எழுதியிருந்தார். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனதைப் பற்றியது. 'மரம் ஒண்ணு சாஞ்சி கெடக்குது, மலைக்கு பஸ்சு வரல, தூக்கிப் போட ஆளு இல்ல, தூரம் போக வழியில்ல' என்று தொடங்கும். என்ஜின் சத்தம் அடங்கியபோது அந்த வரிகள் சன்னல்கள் வழியாக வெளியே நிற்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்டன.

கூட்டத்தில் ஓர் இளைஞன் சொன்னான். "இன்னா பாட்டுடா இது? நம்மளப் பாத்துப் பாடறாப்ல கீது."

டிரைவரின் கை டேப்பை நோக்கிப் போனது. தோளில் துண்டு போட்ட ஒருவர் முன்னால் வந்து, டிரைவர் பக்கச் சன்னலைப் பிடித்துக்கொண்டார். அங்கே பேச்சு அவருடையது என்பது மற்றவர்கள் ஒதுங்கிய விதத்தில் தெரிந்தது.

"நிறுத்தாத. மொதல்லேருந்து போடு."

டிரைவர் பின்னுக்கு ஓட்டினார். நாடா கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தம் அவ்வளவு நேரம் நீளும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறகு பாட்டு வந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் கேட்டார்கள். ஒருவர்கூட எந்தப் படம் என்று கேட்கவில்லை. அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பேசாமல் கேட்ட முதல் கூட்டம் அதுதான். தம்பியின் கைகள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் புறங்கையில் வெள்ளையாகத் தெரிந்தன. நான் துண்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் சன்னல் கம்பியில் இருந்த அவருடைய ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. டிரைவரும் அதைப் பார்த்தார். இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் ஒரு தட்டைத் தவறவிடும். அங்கே விரலும் தடுமாறி, பின் சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்தது. "யாரு பாடறது? எந்த ஊரு?" என்றார் துண்டுக்காரர்.

அந்தக் கேள்விக்கு அடுத்த கேள்வி என்ன என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். டிரைவர் கண்ணாடியில் ஒரு கணம் எங்கள் சீட்டைப் பார்த்தார். அவர் மறியல் செய்தவர்களின் சாதி. கூட்டத்தில் இரண்டொருவர் அவருக்கு உறவு.

"நான்தாம்பா," என்றார்.

"நீயா?"

"ஏன், நான் பாடக் கூடாதா? பொழுதன்னிக்கும் ஊரான் பாட்டையே போட்டுக்கினு கீறேன். இன்னிக்கி நம்ம பாட்டப் போட்டேன்."

"மரத்த வச்சி எங்களக் கிண்டல் பண்றியா?"

"போன மழைக்கு மலையில மரம் வுழுந்து வண்டி ஏற முடியாம கெடந்தேன். அதப் பாடினேன். நீங்க இங்க வெட்டிப் போடுவீங்கன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். துண்டுக்காரர் சிரிக்கவில்லை. "எங்க, பாடு," என்றார்.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அவருக்குச் சுதி என்பதே கிடையாது. முதல் வரி ஓரிடத்தில் தொடங்கி வேறெங்கோ போய் இறங்கியது. கண்டக்டர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் வரிகளில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. இரண்டு தடவைதான் கேட்டிருந்தார். மேலும் ஒன்று உண்டு. அரிசி ஆலைக் கிடங்கின் எதிரொலியிலும் டிரம்ஸின் இரைச்சலிலும் தம்பியின் குரல் பாதி முங்கிப் போயிருந்தது. நல்ல கூடத்தில் நல்ல மைக்கில் பதிவாகியிருந்தால் அந்தப் பொய் நின்றிருக்காது. கேசட் கடைக்காரரும் கணக்கு வாத்தியாரும் குறை சொன்ன அந்தக் கரடுமுரடுதான் அன்று தம்பியைக் காப்பாற்றியது.

முதலில் பேசிய இளைஞன், "யண்ணே, கேசட்டுலயே தேவலாம்ணே," என்றான். கூட்டம் சத்தமாகச் சிரித்தது. துண்டுக்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "வண்டியத் திருப்பு. நல்லாக் கத்துக்கினு வா, அப்பறம் வுடறோம்."

பஸ் கள்ளக்குறிச்சிக்கே திரும்பியது. பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் கேசட்டை வெளியே எடுத்தார். கொஞ்ச நாளைக்கு இதை எங்கேயும் போடாதே என்றார். தம்பி கையை நீட்டவில்லை. நன்றி சொல்லவுமில்லை. அவர் கேட்டது வேறு.

"பாட்டு எப்படிண்ணே இருக்குது?"

டிரைவர் அந்த இடத்திலும் யோசித்துத்தான் சொன்னார். "டிரம்மு ஜாஸ்தி. கொரலு கம்மி. ரெண்டாவது பாட்டு வேணாம். மரம் பாட்டு நிக்கும்."

"அத உங்க பாட்டுன்னு சொல்லிட்டீங்களே," என்றார் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கேசட்டை அவரிடமே விட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தார். அன்று நான் அனுப்பிய செய்தி, கச்சிராயபாளையம் அருகே மறியல், பேருந்துகள் திருப்பி விடப்பட்டன என்பதோடு முடிந்தது.

டிரைவர் சொன்னபடியே மரம் பாட்டு நிலைத்து நின்றது. மறியலில் நின்றவர்களே கேசட் கடையில் வந்து டிரைவர் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்காரர், ஆலங்கட்டி மழை என்று சொன்ன அதே மனிதர், டிரைவரிடம் வாங்கிப் பிரதி எடுத்து விற்றார். நிலைமை அடங்கிய பிறகு டிரைவர் தன் பஸ்ஸிலேயே, அது நான் பாடியதில்லை, இன்னார் பாடியது என்று ஊர் பேரோடு பலரிடம் சொன்னார். யாரும் நம்பவில்லை. ரொம்பத்தான் அடக்கம் என்றார்கள். தம்பியின் குழு அடுத்த கேசட் போடவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "யாரு பாட்டுன்னு போடறதுண்ணே?" என்றார். இப்போது சின்னசேலத்தில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிறார். அவரும் டிரைவரும் கடைசிவரை ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய் வந்தார்கள். அந்தக் காலையைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

போன மாசியில் டிரைவர் இறந்தார். நானும் தம்பியும் போயிருந்தோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பேரன் யாரோ கேசட்டைத் தன் போனில் ஏற்றிவைத்திருந்தான். ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு, காக்கை, இருமல். தம்பிக்கு அந்தப் பக்கம், முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். செத்தவருக்கு மருமகன் முறையாம். பெரியவரே பாடியது, தெரியுமா என்று எங்களிடம் சொன்னார்.

"எப்படி இருக்குது?" என்று தம்பி கேட்டார்.

"இது சுமார்தாங்க. மரம் பாட்டுன்னு ஒண்ணு வரும். சும்மா சொல்லக் கூடாது, அது நல்லாருக்கும். இருந்து கேளுங்க."

தம்பி இருந்து கேட்டார். மரம் பாட்டு வந்ததும் அந்த ஆளின் விரல் நாற்காலியின் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். இரண்டாம் சரணம் தாண்டியது. கடைசிச் சரணத்தில் அந்த ஆள், பேச்சை விடக் கூடாதே என்பதற்காகத்தான் இருக்கும், "நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

தம்பி ஊரைச் சொன்னார். பிறகு, கேட்காமலே, "காலனி" என்றும் சொன்னார்.

விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டியது. அந்த ஆள் மரியாதையாகத் தலையசைத்தார், டீ வருகிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றார். அவர் மேல் குற்றமாக எதையும் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. திரும்பும் வழியில் தம்பி, "வெரலு நின்னது டிரம்மு வுட்ட எடமா இருக்கும்ணே," என்றார்.

அதற்காகத்தான் இந்தக் கேசட். பல தடவை பின்னுக்கு ஓட்டிக் கேட்டுவிட்டேன். டிரம்ஸ் தவறுவது இரண்டாம் சரணத்தில், ஒரே ஒரு தட்டு. கடைசிச் சரணத்தில் அது எங்கேயும் நிற்கவில்லை.