பாய்லர் முன்னால் கழற்றிய பூட்ஸ்

இன்று காலை குன்னத்தில் மருந்துக் கடைக்காரர், "செருப்பைக் கழட்டிட்டு வாங்கய்யா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் எனக்குப் பாய்லர் வேலை. பூட்ஸ் போடாதவனுக்கு வேலை இல்லை என்று புதுச் சட்டம் வந்தது. நானோ ஐயப்பனுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு நின்றேன்.

மாலை போட்டவனைத் திட்டவும் முடியாதே! மேனேஜர், "சாமி, பூட்ஸ் போடலன்னா உங்க பேரை அடிச்சிருவேன் சாமி" என்றார்.

"வூட்டுல நாலு வயிறு இருக்கு சார்."

"தரை எப்படிக் கொதிக்குதுன்னு வந்து பாருங்க சாமி!" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. பூட்ஸ் காலோடு நின்றே பாய்லருக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனுஷன் பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

"ஐயப்பா!" என்று அலறினார். சூடம் காட்டியவர்கள் பக்தியோடு, "சரணம் ஐயப்பா!" என்றார்கள்.

மாலை கழற்றும்வரை எனக்குச் சாக்கு தைக்கும் கொட்டகையில் வேலை கொடுத்தார்.

மறுநாள் காலில் கட்டோடு வந்த அவரை வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்தார்: "பூட்ஸ் எங்க சார்?"

வாட்ச்மேன் கேட்டது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.