அட்டைப் படத்து முகம்

கன்னங்கள் எரியத் தொடங்கிய காலையில் எனக்கு ஒரே சந்தோஷம். கிறீம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்!

வெள்ளையாக்கும் கிறீம் அது. அழகுக்காகப் பூசவில்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரர் பவுடரை அப்பி, வெளிச்சத்தை அடித்து, என்னை வேறொருத்தியாக்கிவிட்டிருந்தார். நாவற்குடாவிலிருந்து டவுனுக்குப் போகும்போதெல்லாம் இராணுவச் சோதனைச் சாவடியில் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்னை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். உயர்தரப் பரீட்சையோ டவுனில்; அன்றைக்கும் நிறுத்தினால் நேரம் பிந்திவிடும். புதிய அட்டை கிடைக்க மாதக்கணக்காகும். அதைவிட முகத்தைப் படத்துக்குப் பொருத்துவது சுலபம் என்று முடிவெடுத்தேன்.

அன்று பின்னேரம் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மாமி மகள் வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் என் வகுப்புத்தான்.

"என்னகா மச்சாள், படத்தப் போல வாறன் எண்டாய். இது ஆர்ர படம்?"

உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமைதான்.

மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சாவடியில் பெண் சிப்பாய் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். அம்மா கிறீம் டப்பாவைத் தூக்கிக் காட்டி, கன்னத்தில் பூசுவதுபோல் சைகை செய்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் முதன்முறையாக உடனே விட்டார்கள்.

டொக்டர் சிரிக்கவில்லை. "தொடுகை அழற்சி" என்றார் (தோலில் பட்ட பொருள் ஒத்துக்கொள்ளாமல் வரும் சிவப்பும் வீக்கமும்).

"கொஞ்சமாத்தானே பூசினீங்க?"

"மற்ற நாள் கொஞ்சந்தான். முந்தநாள் ராவு மட்டும் தடிப்பா. கெதியா வெள்ளையாகட்டும் எண்டு."

"என்ன படிக்கிறீங்க?"

"பயோ, டொக்டர்."

அவர் முகட்டைப் பார்த்தார். பிறகு பூசவும் விழுங்கவும் மருந்து எழுதினார். "இனி இதத் தொடவே கூடாது. திரும்பப் பட்டா இதவிடக் கெதியா வரும். தோல் மறக்காது."

"சோதினை எழுதேலுமா டொக்டர்?"

"கையாலதானே எழுதுறது? முகத்தாலயா?"

அந்தக் கிழமை வீட்டில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்திருந்தேன். மச்சாள் பாடங்களை உரக்க வாசித்தாள். சொறியப்போன கையில் கோடு போடும் அடிமட்டத்தால் அடி விழுந்தது. அதற்கும் சேர்த்துத்தான் நன்றி அவளுக்கு.

இதே எரிச்சலோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிய பூச்சு எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். வீங்கிவிட்டால் வெட்கப்படாமல் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பரீட்சையன்று வீக்கம் வடிந்து, தோல் திட்டுத் திட்டாக உரிந்துகொண்டிருந்தது. வழமைபோல ஓரமாக நிறுத்தினார்கள். நின்றேன். அன்று நானும் மச்சாளும் விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தோம். அவர்கள் ஆறுதலாக நேரமெடுத்துப் பார்த்து முடிக்கும்வரை நிற்க நேரம் இருந்தது. அந்த முதல் பஸ் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் யோசிக்கவில்லை.

மண்டபத்தில் உட்கார்ந்தபோது யன்னல் வழியே வாவிக் காற்று வந்து கன்னத்தில் பட்டது. எரியவில்லை. முகம் என்பது பிறர் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நான் உணரவும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவசரமில்லாமல் வினாத்தாளைத் திருப்பினேன்.