அமெரிக்காவைத் திருத்துகிற தில்லையக்கா

மூன்றாம் மாடி மூலை அறையின் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைத் திட்டுகிறார் தில்லையக்கா. "ஒரு நிமிஷம், சுகந்தி. ஒரே ஒரு நிமிஷம் பள்ளிக்கூடப் பிள்ளையள் வாய் பேசாமல் இருந்து கடவுளை நினைக்கட்டும் எண்டு ஒரு மாநிலத்திலை சட்டம் போட்டவை. அதுகும் பிழையாம். ஒன்பது நீதவான்மாரிலை ஆறு பேருக்கு விசர்." தீர்ப்பு வந்து ஒரு வருடமாகிறது. அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. விரிப்பின் மறுமுனை என் கையில் இருப்பதால் என்னால் தப்பிப் போகவும் முடியாது.

நாங்கள் இருவரும் சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவர்கள். கட்டில் விரிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் எங்களைச் சோடியாகப் போட்டிருக்கிறார்கள். அக்காவின் முழுப்பெயர் தில்லைநாயகி. நாற்பது வயது இருக்கும். கட்டை உருவம், எட்டு வைக்கிற வேகம் மட்டும் நெட்டை ஆட்களுடையது. மூக்குக்கண்ணாடியைக் கறுப்பு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தூசி தேடும்போதும் வாசிக்கும்போதும் மட்டும் அது மூக்கில் ஏறும். கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த வீடு எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிந்துபோக, கணவரோடும் மகளோடும் இங்கே வந்து சேர்ந்தவர். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. வரும்வரை அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

யுங்ஃப்ராவ் மலையைப் பார்க்க வருகிற அமெரிக்கர்கள் போகும்போது ஆங்கிலச் சஞ்சிகைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அதில் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. குப்பைக் கூடையில் கிடந்தால் எடுப்பார். மேசையில் கிடந்தால், ஆள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தாலும், கீழே வரவேற்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். "மேசையிலை இருக்கிறது அவன்ரை சாமான். கூடைக்குள்ளை போட்டால்தான் அவன் வேண்டாமெண்டு விட்டது." இதனால் உலகச் செய்தி அவருக்கு வரிசையாக வந்து சேர்வதில்லை. அந்த ஒரு நிமிட வழக்கின் தீர்ப்பை முதலில் வாசித்துக் கொதித்தார். சில கிழமை கழித்து, வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லும் பழைய இதழ் ஒன்று அகப்பட்டது. அதையும் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். "முடிவுதான் தெரியுமே அக்கா" என்றேன். "தெரிஞ்சாலும் ஒரு நம்பிக்கைதான்" என்றார்.

தேநீர் வேளையில் பணியாளர் சாப்பாட்டறையில்தான் அவருடைய சபை கூடும். பாட்டுத்தட்டில் கெட்ட வார்த்தை இருந்தால் அட்டையில் எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று அமெரிக்காவில் தாய்மார் சிலர் கேட்க, அது பெரிய சர்ச்சையாகக் கிடந்தது. அக்கா தாய்மார் பக்கம். "மருந்துப் போத்திலிலை ஒட்டுறாங்கள். பாட்டுத்தட்டிலை ஒட்டினால் ஆருக்கு என்ன குறைஞ்சுபோம்?" குடிக்கும் வயதை அங்கே இருபத்தொன்றாக உயர்த்தியது அவருக்கு மிகவும் பிடித்த செய்தி. மேசையின் மறுமுனையில் பியர் போத்தலோடு இருந்த கணவரைப் பார்த்துக்கொண்டே, "இருபத்தொண்டு காணாது. அம்பத்தொண்டாக்கியிருக்க வேணும்" என்றார். கணவர் சண்முகலிங்கம் அண்ணை ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவுகிறவர். மறுமொழி சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சட்டத்தில் எழுதக் கேட்ட அமெரிக்கப் பெண்கள் தோற்றுப்போனது அக்காவுக்குத் திருப்தி. "எழுதினால் பேந்து பட்டாளத்துக்கும் வா எண்டு கூப்பிடுவாங்கள்." அவர் வீட்டில் வெங்காயம் உரிப்பதும் சோறு வடிப்பதும் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவதும் அண்ணைதான். அதைச் சுட்டிக்காட்டினால், "அது சட்டத்திலை எழுதி வைச்சே செய்யிறார்? விரும்பிச் செய்யிறார்" என்பார். ஒரு முறை, மேலதிகமாகத் துவாய் கேட்ட அமெரிக்க அம்மா ஒருவரிடம், "உங்கள் பள்ளிகளில் ஏன் பிரார்த்தனை இல்லை?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டே விட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு தான் அதை எதிர்க்கிற கட்சி என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்டதற்கு மேல் இன்னும் ஒரு துவாய் எடுத்துப்போய்க் கொடுத்தார். "கட்சி வேறை, துவாய் வேறை" என்றார் என்னிடம்.

நான் எப்போதும் மறுபக்கம். நான் மார்க்ஸ் படித்தவள் அல்ல. படித்த அண்ணன்மாருக்குத் தேத்தண்ணி போட்டவள். அந்த உரிமையில் அக்காவோடு வாதாடுவேன். எதில் விட்டுக்கொடுத்தாலும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். கிறிஸ்தவர்களை ஊர் வழக்கப்படி வேதக்காரர் என்றுதான் சொல்வார். "அந்த நாட்டிலை கூடப்பேர் வேதக்காரர். அவையின்ரை செபத்தைப் பிள்ளையள் எல்லாரும் சொல்லட்டுமன். நான் யாழ்ப்பாணத்திலை கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். காலமை அவையின்ரை செபம், பின்னேரம் எங்கடை கோயில். என்னை என்ன, முதலை விழுங்கினதோ?"

ஒரு நாள் நான் கேட்டேன். "பெரும்பான்மை சொல்லுறதுக்கு மற்றவை தலையாட்ட வேணுமெண்டால், நாங்கள் ஏனக்கா இஞ்சை வந்தனாங்கள்?" தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. அடுத்த அறையைத் திறக்கும்போதுதான் பதில் வந்தது. "அது வேறை, சுகந்தி. அவங்கள் எங்களைக் கும்பிடச் சொல்லேல்லை, கொளுத்தினவங்கள். கும்பிடச் சொல்லுறவன் உன்னை உள்ளை வா எண்டுதானே கூப்பிடுறான்." மறுமொழி இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு குளியலறையைக் கழுவப் போனேன்.

இதெல்லாம் தூரத்து நாட்டுக் கதையாக இருந்தவரை சுகமாகத்தான் போனது. போன நவம்பரில் அது அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டது.

மகள் ஜெயகௌரிக்கு ஏழு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் வகுப்பில் கிழமைக்கு ஒரு காலை கிறிஸ்தவ சமயப் பாடம், செபத்தோடு தொடங்கும். விரும்பாத பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம், இங்கே அதற்கு இடமுண்டு. அக்கா கேட்கவில்லை. கேட்பாரா? ஒரு நாள் பிள்ளை கையுறையை மறந்துவிட்டுப் போக, ஹோட்டலில் ஆள் குறைந்த காலம் என்பதால், வேலைக்கு இடையில் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. வெளியே, மேலங்கிகள் தொங்கும் கொளுக்கிகளுக்குக் கீழே, சின்ன வாங்குப் பலகையில் ஜெயகௌரி தனியாக இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை வெளியிலை? குழப்படியோ?"

"இல்லையம்மா. உள்ளை செபம் சொல்லுகினம். பாடம் முடிஞ்சாப்போலை என்னைக் கூப்பிடுவினம். அப்பாதான் வந்து சொன்னவராம்."

அக்காவின் கோபத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வந்தால் வார்த்தையும் கூடவே வரும். அன்று திரும்பிவந்தவர் மாடி முழுவதையும் என்னோடு துப்புரவு செய்து முடித்தார், அமெரிக்காவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

பணியாளர் விடுதியில் அவர்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அங்கே சண்டை என்றால் அக்கா கத்துவார், அண்ணை கேட்டுக்கொண்டிருப்பார். அன்று மாலை அப்படி நடக்கவில்லை.

"என்ரை பிள்ளையைத் தனிய வெளியிலை இருத்தச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? நானும் அந்தச் செபம் சொல்லித்தான் வளர்ந்தனான். வேதத்துக்கு மாறினனானோ?"

"நீ மாறேல்லை, தில்லை. என்ரை அக்கா மாறினவ."

எனக்கு இது புதுச் செய்தி. அண்ணையின் தமக்கையும் அதே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். படிப்பு முடிய அந்த மடத்திலேயே சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகிவிட்டாராம். "அம்மா சாகுமட்டும் அவவை வாசலுக்கு எடுக்கேல்லை. அம்மாவின்ரை செத்தவீட்டண்டைக்கு ஒழுங்கை முடக்கிலை வெள்ளை உடுப்போடை தனிய நிண்டவ. ஒருத்தரும் வா எண்டு சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை." பிறகு மறுபடியும் அண்ணையின் குரல்தான் வந்தது. "அங்கையெண்டால் சுத்திவரக் கோயில் இருந்தது. அப்பிடியிருந்தும் போனவ. இஞ்சை என்ன இருக்கு? அலுமாரிக்குள்ளை ஒரு முருகன் படம்." அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த சமயப் பாடத்துக்கு முதல் நாள், விரிப்பின் ஒரே மூலையைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டு, "நீ டொச்சுப் பாஷை வடிவாய்க் கதைப்பாய். நாளைக்கு என்னோடை பள்ளிக்கூடம் வா" என்றார்.

"அண்ணை சம்மதிச்சிட்டாரோ?"

"'உன்ரை விருப்பம். பிள்ளை வேதத்துக்குப் போனால் உன்ரை தலையிலைதான்' எண்டார்."

எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அப்ப விடுங்கோவன் அக்கா. கொஞ்ச நேரம் வெளியிலை இருந்து படம் கீறினால் என்ன?"

"அமெரிக்காக்காரனுக்கு இவ்வளவு நாளும் சொன்ன நியாயத்தை என்ரை பிள்ளை எண்டவுடனை மாத்தினால் நான் ஆர்?" என்றார். பிறகு மெதுவாக, "அது மட்டுமில்லை. எங்கடை சாமியைக் கும்பிடுறது எண்டால் வெளியிலை இருக்கிறது எண்டு அவள் நினைச்சுப்போடுவாள், சுகந்தி" என்றார். என் இடதுசாரி அண்ணன்மார் யாரும் எனக்குச் சொல்லித்தராத நியாயம் அது.

ஆசிரியை ஃபிராவ் ஸ்டெட்லர் இளம்பெண், மிகவும் சாது. வகுப்பு வாசலில் நின்று எங்களோடு பேசினார். ஒரு பிள்ளையையும் கட்டாயப்படுத்தத் தங்களுக்கு விருப்பமில்லை என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"கட்டாயப்படுத்தச் சொல்லு" என்றார் அக்கா.

"அக்கா…"

"சொல்லு. பெத்த தாய் சொல்லுறன். கட்டாயப்படுத்தட்டாம்."

இதை ஜெர்மன் மொழியில் மரியாதையாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளை உள்ளே இருப்பது தாயின் விருப்பம் என்று சுருக்கிக்கொண்டேன். ஆசிரியை முகம் சிவந்து, தந்தைக்கும் சம்மதமா என்று கேட்டார். அக்கா "ஓம்" என்று தலையாட்டினார். பிறகு குரல் இறங்கி, "பொறுப்பு என்ரை" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஜெயகௌரி வாங்கிலிருந்து துள்ளி எழுந்தாள். கீறிக்கொண்டிருந்த தாளைத் தாயின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று விரல்களைக் கோத்துக்கொண்டார்கள், செபம் தொடங்கியது. எங்கள் பிள்ளை முதலில் வாயை மூடிக்கொண்டு நிற்பாள், போகப் போகப் பழகுவாள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அவள் முதல் சொல்லிலிருந்தே சொன்னாள். மற்றப் பிள்ளைகளைவிட உரத்து, எங்கும் தடக்காமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வெளியே வாங்கில் இருந்த கிழமைகளில் கதவுக்கு அப்பாலிருந்தே முழுவதையும் பாடமாக்கியிருக்கிறாள்.

"இவளுக்கு ஆர் பழக்கினது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

அவர் கேட்டது கிடைத்த நாள் அது. தில்லையக்கா பயந்துபோய் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செபம் முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஃபிராவ் ஸ்டெட்லர் எங்களைப் பார்த்து நன்றியாகச் சிரித்தபடி வந்து கதவைச் சாத்தப் போனார். கதவு நிலையைத் தொடுவதற்குள் "திறந்தபடி இருக்கட்டும்" என்று அக்கா தன் சப்பாத்துக் காலை இடையில் வைத்தார்.