அவள் பார்த்ததும் நான் கத்தியதும்

எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் ஒரு ஜனவரி மாதம். நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம். அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். காலையில் யுனிவர்சிட்டி ஸ்பெஷல் பஸ்ஸைப் பிடித்தால் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் ஓயாமல் பேச எனக்கு ஒரு தோழி இருந்தாள். திருநெல்வேலிக்காரி. அவள் அப்பா ராணுவத்தில் ஹவில்தார். கன்டோன்மென்ட்டில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பாள்.

எங்கள் கல்லூரிக்கு ஒரு ஹீரோ இருந்தான். ஹரியானா கிராமத்துப் பையன், நானூறு மீட்டர் ஓட்டக்காரன். பல்கலைக்கழகப் போட்டியில் அவன் ஜெயித்த அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரியை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். எனக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. ஆனால் அவன் கோபக்காரன். மெஸ்ஸில் ஒருவனை அறைந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாட்னா பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த இன்னொரு மாணவனும் இருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பான். என் தோழிக்கு அவன் அண்ணன் மாதிரி. ராக்கி கட்டிய உறவு. அவன்தான் எங்கள் சுவர்ப் பத்திரிகையை எழுதுவான். விளையாட்டுக்காரர்கள் வகுப்புக்கே வராமல் அட்டெண்டன்ஸ் வாங்குகிறார்கள் என்று ஒரு நாள் எழுதிவிட்டான். ஓட்டக்காரன் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து, "உன்னைப் பார்த்துக்கிறேன்" என்று இந்தியில் மிரட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பையன் கல்லூரி இரண்டாவது மாடியிலிருந்து கீழே விழுந்து இறந்துபோனான். மேலே அவனோடு இருந்தவன் ஓட்டக்காரன் மட்டும்தான். அவன் கையில் செத்தவனின் கிழிந்த சட்டைத் துணி இருந்தது. வேறென்ன வேண்டும்? சாயங்காலமே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாள் பத்திரிகைகளில் அவன் படம்.

கல்லூரியே கொந்தளித்தது. நோட்டீஸ் போர்டில் இருந்த அவன் போட்டோவைக் கிழித்துக் கொளுத்தினார்கள். தோளில் தூக்கிய அதே பையன்கள் "ஃபான்ஸீ தோ, ஃபான்ஸீ தோ" என்று ஊர்வலம் போனார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முதல் எங்கள் குவார்ட்டர்ஸ் பால்காரர் வரை, அவனைத் தூக்கில் போட வேண்டும் என்பதே பேச்சு. எங்கள் வீட்டிலும் அதேதான்.

தோழி மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் பஸ்ஸில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அவன் தள்ளலடீ. நான் லைப்ரரி ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுதான் இருந்தேன். அண்ணன் பேனர் கட்டக் கைப்பிடிச் சுவர்மேல ஏறினான். கால் வழுக்கிருச்சு. அவன் ஓடி வந்து கையப் புடிச்சான். எவ்வளவு நேரம் புடிச்சிட்டிருந்தான் தெரியுமா? கை நழுவி, சட்டையப் புடிச்சான். சட்டை கிழிஞ்சிருச்சு."

"நமக்கு எதுக்குடீ வம்பு? பேசாம இரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்று புல்வெளியில் இரங்கல் கூட்டம். ஐந்நூறு பேராவது இருப்போம். யூனியன் தலைவர் பேசி முடித்ததும் அவள் எழுந்து மைக் பக்கம் போனாள். இந்தி அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆண்பால் பெண்பாலை மாற்றிப் போட்டுத்தான் பேசுவாள். அந்த இந்தியில், தான் பார்த்ததை அப்படியே சொன்னாள். பாதியிலேயே எங்கிருந்தோ "ஜூட்!" என்று ஒரு குரல், பொய் என்று. அப்புறம் "ஷேம், ஷேம்" என்று ஒரு பக்கமாகக் கிளம்பிக் கூட்டம் முழுக்கப் பரவியது. அவளுக்கும் அந்த ஓட்டக்காரனுக்கும் ஏதோ இருக்கிறது என்று என் பக்கத்தில் இருந்தவள் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவளோடு தினமும் வருகிறவள் நான்தானே. பயத்தில் நானும் "ஷேம், ஷேம்" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதியும் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. துணைக்கு அவள் அப்பா யூனிஃபார்மிலேயே போயிருந்தார்.

அன்றிலிருந்து பஸ்ஸில் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் பக்கத்து சீட்டில் வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து இறந்தவனின் அப்பாவும் அம்மாவும் ஹாஸ்டலில் அவன் சாமான்களை எடுத்துப் போக வந்தார்கள். பிரின்சிபால் அறை வராந்தாவில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். அந்த அம்மா, ராக்கி கட்டிய பெண் யார் என்று கேட்டார். தோழி முன்னால் போனாள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்றே நான் நினைத்தேன். அந்த அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ பார்த்ததைச் சொல்லும்மா" என்று இந்தியில் கேட்டார். அவள் சொன்னாள். கூட்டத்தில் சொன்னதற்கு ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த அம்மா, "அப்போ கடைசியில என் பிள்ளை தனியா இல்லை. யாரோ அவன் கையைப் பிடிச்சிருந்தாங்க" என்றார். அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர், குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வயசானவர், எங்களோடு ஒரு நாளும் பேசியதில்லை. தானும் கீழேயிருந்து பார்த்ததாகவும், வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை என்றும், இந்தப் பொண்ணு மைக்கில் பேசியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றும் சொன்னார். அவரும் போய் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டக்காரனின் வலது தோள் மூட்டு விலகியிருந்தது. ஸ்டேஷனில் அடித்திருப்பார்கள், நன்றாக வேண்டும் என்றே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவ்வளவு பாரத்தை ஒற்றைக் கையில் தாங்கியதில் விலகியது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். இரண்டு மாதத்தில் கேஸை மூடி அவனை விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. கோஷம் போட்டவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவன் டி.சி. வாங்க ஒரே ஒரு நாள் வந்தான். இளைத்துப் போயிருந்தான். கேன்டீன் வாசலில் அவளைப் பார்த்ததும் நின்று, கையெடுத்துக் கும்பிட்டான். கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. அவள், "தோள் வலி குறைஞ்சிருக்கா, அண்ணா?" என்று மட்டும் இந்தியில் கேட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு அவன் ஓடியதாக யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க மூன்று ஸ்டாப்பிங் ஆயிற்று. "அன்னிக்குக் கூட்டத்துல நானும் கத்தினேன்டீ" என்றேன்.

"தெரியும். ஐந்நூறு பேர் கத்தினாலும் உன் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. நான் அழுததும், "விடு, எல்லாரும் பார்க்குதாங்க" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

எப்படித் துணிந்தாய், சொந்த அண்ணன் மாதிரி இருந்தவன் ஆயிற்றே என்று கேட்டேன். "அதனாலதான்" என்றாள். "அவன் எழுதுறதுல ஒரு வரி தப்பா இருந்தாலே கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதுவான். அவன் பேரைச் சொல்லி நான் எப்படிப் பொய்க்குத் துணை போவேன்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளைப் போல எழுந்து நின்று பேசும் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குப் பிறகு, எந்தக் கூட்டம் யாரைப் பார்த்துக் கத்தினாலும், அதோடு சேர்ந்து கத்த என் வாய் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.