சீனி போடாமல் இனித்த பால்

என் இளைய மகளுக்கு ஒன்றேகால் வயதில் கடும் பேதி. அது நின்ற பிறகும் பால் குடித்தால் வயிறு உப்பிவிடும். காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவாள். பாலைத் தவிர வேறெதையும் வாயில் வாங்காத பிள்ளை. எடை இறங்கிக்கொண்டே வந்தது.

டாக்டரம்மாவிடம் காட்டினோம். பாலில் இருக்கும் சர்க்கரை, இரண்டு பாசிமணியைச் சேர்த்துக் கோத்த மாதிரி என்றார். குடலில் ஊறும் நொதி ஒன்றுதான் அதை வெட்டிப் பிரிக்குமாம். பேதியில் குடல் புண்ணாகி, அது ஊறுவது குறைந்துவிட்டது. புண் ஆறினால் தானாக ஊறும். அதுவரை பாலில் கலக்க அதே நொதியைச் சொட்டு மருந்தாகத் தந்தார்.

பிள்ளை வாய்க்குப் போவது எதுவானாலும், எல்லாம் கலந்தபின் கொதிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பாலில் சொட்டு விட்டு, மேலே சிலுவை வரைந்து, பொங்கப் பொங்கக் காய்ச்சினேன். அழுகை குறையவில்லை.

பூ மார்க்கெட்டிலிருந்து வந்த வீட்டுக்காரர் கேட்டார்: "ஏ புள்ள, மருந்த ஊத்துனியா, வெறும் சிலுவைதானா?"

"ரெண்டுந்தான். நல்லாக் கொதிக்கவும் வச்சேன்."

மறுநாள் டாக்டரம்மாவிடம் இதையே சொன்னேன்.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்துவியாம்மா?"

"யாராச்சும் ஊத்துவாகளா? தயிரே ஆகாதே."

"அதே மாதிரித்தான். சூட்டுல இதுவும் உருக்குலைஞ்சு போயிரும். காய்ச்சி ஆறவச்சு, வெதுவெதுப்பா இருக்கும்போது விடு. செத்த நேரம் வேலை செய்யட்டும்."

"அம்புட்டுப் பாலுக்கும் இந்தச் சொட்டு பத்துமா?"

"ஒரு தடவ வெட்டுனா கத்தரிக்கோல் தீர்ந்தா போகுது? அடுத்தத வெட்டப் போயிரும்."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பால் டம்ளரை மூடி வைத்து, எதிரில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். பாதியில் மனம் நிற்கவில்லை, திறந்து பார்த்தேன். நுரையில்லை, நிறம் மாறவில்லை. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டேன். லேசாக இனித்தது!

வீட்டுக்காரரும் குடித்துப் பார்த்தார். "சீனி போட்டியா?"

"மாதா சத்தியமாப் போடலங்க."

சொட்டு விடாத பாலை ஒரு வாய், இதை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். "அட, ஆமா!"

"ஏங்க, பிள்ளைக்கும் மிச்சம் வையுங்க."

பிரிந்த சர்க்கரைக்கு இனிப்பு கூடுதல் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கேட்காமலே என் குடலுக்குள்ளும் இத்தனை நாள் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. அதை உள்ளே வைத்த ஆண்டவருக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

மகள் குடித்து முடித்தாள். நாங்கள் இருவரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மடக்கவில்லை. நீட்டியபடியே தூங்கிப்போனாள்.

பாதியில் விட்ட ஜெபமாலையைக் கையில் எடுத்தேன்.