பின்சக்கரமும் என் சலவை சோப்பும்

என் சலவை சோப்பை எலிதான் கொறிக்கிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கிள்ளிக் கிள்ளி எடுத்தது போலிருக்கும். எலியைத் திட்டாத நாளில்லை.

எழுபதுகளின் நடுவில், மூணாறுக்கு அந்தப் பக்கம் மலையிலிருக்கும் வட்டவடையில், எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. என் வீட்டுக்காரர் அதில் முட்டைக்கோசும் பூண்டும் ஏற்றிக்கொண்டு மூணாறு போவார். மூட்டைகளின் மேல் ஆட்களும் ஏறிக்கொள்வார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இடது பின்சக்கரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்க, சக்கரத்தை ஒட்டி ஒரு வளையம் உண்டு. ஆயில் சீல் என்பார்கள். அது விட்டுப்போனால் எண்ணெய் பிரேக்கில் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த பிரேக் எங்கள் ஊர் இறக்கத்தில் பிடிக்குமா? ஒருநாள் கீழ்வளைவில் வண்டி நிற்காமல் மண்மேட்டில் போய் முட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆட்கள் ஏறவில்லை. பிறகு மூட்டைகளும் வரவில்லை.

அவர் ஆயில் சீலை மாற்றினார். கசிந்தது. இன்னொன்று வாங்கி மாற்றினார். அதுவும் கசிந்தது.

"வண்டிக்கு வயசாயிருச்சு. பழைய வண்டி வாங்குற போடிக்காரர் ஒருத்தர் கேக்குறாரு, தள்ளி விட்டுருவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்குவதற்கு முன்பு அவர் அடுத்தவர் லாரியில் ஓடியவர். எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்தே என் கண் பூத்துப்போன காலம் அது.

"திரும்பவும் லாரியில ஏறிப் போகவா? நான் இங்க சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கணுமா?" என்று கேட்டேன். அதற்குள் போடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மரப்பாலத்தை அந்த மழை அடித்துப் போயிருந்ததால் வண்டிகள் தண்ணீரில் இறங்கித்தான் கடக்கும். அவர் கரையில் ஜீப்பை நிறுத்தி, அடியில் படுத்து, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அப்பினார். கிட்டப் போய்ப் பார்த்தால் என் சோப்பு.

"நீங்கதானா அந்த எலி? அங்க என்ன செய்யுறீங்க?"

"அச்சுக்கு மேல ஒரு ஓட்ட இருக்கு. ஓடத்தண்ணி உள்ள போயிரும்ல, அதான் அடைக்கிறேன். இங்க எல்லா டிரைவரும் இப்படித்தான். தார் வைப்பாக, மெழுகு வைப்பாக."

"கரையேறுனதும் எடுத்துருவீகளா?"

"திரும்பி வரையிலயும் ஓடையத் தாண்டணும்ல? அப்படியே விட்டுர்றதுதான்."

"சரி, அந்த ஓட்டைய எதுக்கு வச்சான்?"

"ஏத்தத்துல அச்சு சூடாகும். காத்து வெளிய போகணும்."

"அடைச்சா அது எங்கிட்டுப் போகும்? கஞ்சி கொதிக்கையில மூடிய இறுக்கி வச்சா ஓரத்துல பொங்கி வராதா?"

அவர் சோப்புக் கையோடு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார். துணியை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நானும் வேலையில் இறங்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, அச்சை உருவினோம். பழைய சீலின் உதடு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. போக வழியில்லாத காற்று உள்ளிருந்து தள்ளிய அடையாளம் அது. கைவசமிருந்த புது ஆயில் சீலை அவர் பிடிக்க, நான் மரக்கட்டையை வைத்துச் சுற்றிவரத் தட்டினேன்.

"ஒரு பக்கமா அடிச்சிராத."

"கண்ணு தெரியுது எனக்கு. நீங்க பிடிங்க."

எண்ணெய் ஏறிய பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டார். நான் ஊசியால் துளையிலிருந்த சோப்பை நோண்டி எடுத்தேன். ஆனால் ஓடைத் தண்ணீர்? பரணில், மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய குழாய் கிடந்தது. அதைத் துளையில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கில் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் சீட்டுக்கு அடியில் கட்டச் சொன்னேன். பெருமைதான். இப்போது நினைத்தாலும் பெருமைதான். எதற்கு மறைக்க வேண்டும்?

ஞாயிறு காலை மூட்டை நிறையக் கல்லை ஏற்றி, நானும் கூட உட்கார்ந்து, ஓடையைக் கடந்து ஏற்றமும் இறக்கமும் ஓட்டிப் பார்த்தோம். கீழ்வளைவில் பிரேக் கப்பென்று பிடித்தது. திரும்பி வந்தபோது போடிக்காரர் காத்திருந்தார். வேடிக்கை பார்க்கப் பாதி ஊரும் நின்றது.

போடிக்காரர் குனிந்து சக்கரத்தின் உட்பக்கம் விரலால் தடவினார். விரலில் புழுதி மட்டும்தான் ஒட்டியது.

"கசியுதுன்னுல்ல சொன்னீக? என்ன செஞ்சீக?"

"எனக்கு சீல் மாத்தத்தான் தெரிஞ்சுது. ஏன் கசியுதுன்னு இவதான் கண்டுபிடிச்சா. விக்கிறதையும் இவகிட்டயே கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர், ஊர் கேட்க.

"விக்கல. ஏறுங்கண்ணே, மூணாறுல பஸ்சுக்குக் கொண்டுபோய் விடுறோம்" என்றேன்.

போடிக்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார். அதைப் பார்த்து, இத்தனை நாள் ஏறாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரி பூண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே தவிர, முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. நான் வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தேன்.