மாமா முதலில் போட்ட சட்டை

சீக்கிரம் காயும் அந்தச் செயற்கை நூலை உங்கள் ஆய்வகம் உருவாக்கியது என்று ஆலைக்காரர்களாகிய நீங்கள் சொல்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் மாமாவின் முதுகில் நடந்தது. நான் பார்த்தேன்.

உங்கள் ஆலையில் புதுத் துணிகளைச் சோதித்துச் சொல்லும் வேலை பார்த்த மாமா, நான் நான்காம் வகுப்பு படித்தபோது, சாரல் காலத்தில் லீவு போட்டுத் தென்காசிக்கு வந்தார். பள்ளிச் சீருடைக்கென்று உருவாக்கிய அந்த நூலில் நெய்த சட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். சாரலில் எங்கள் சீருடை காயவே காயாது. ஈரத்தோடுதான் பள்ளிக்குப் போவோம். அதனால் அந்தச் சட்டை மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. மாமா தரவில்லை. பெரிய அளவில் இருந்த ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார்.

"மாமாக்கு மட்டும் புதுசாக்கும்" என்று அழுதேன்.

"ஏட்டி, நான் போட்டுப் பாத்துட்டுத் தருதேன்" என்றார்.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அதன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்தருவியில் நின்றார். பக்கத்தில் குளித்தவர், "அண்ணாச்சி, சட்டைக்கும் சேத்தா எண்ண தேச்சிருக்கிய?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டுத் தள்ளிப்போய் நின்றேன்.

வீடு வருவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. சாயங்காலம் கழற்றினால் முதுகு முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. நூலின் மேல்பூச்சு எண்ணெயில் கரைந்து தோலில் இறங்கியிருந்தது. நீங்கள் வெறும் தண்ணீரில்தான் நனைத்துப் பார்த்திருந்தீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பிள்ளைகள் உங்கள் யோசனையிலேயே இல்லை.

மறுநாள் உங்கள் மேலாளர் போன் செய்தார். மாமா சரி என்று சொன்னால் துணி கடைக்கு வந்துவிடும்.

"பிள்ளைகளுக்குப் போடுத துணி சார். சரின்னு நான் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

முதுகில் கற்றாழை தடவிக்கொண்டிருந்த அத்தை, "வேல போயிரும்லா?" என்றாள்.

"போனா போவுது. நீ தடவு."

பிறகு பூச்சை மாற்றித்தான் துணி கடைக்கு வந்தது. அதைப் போட்டுத்தான் பள்ளியை முடித்தேன். ஒரு நாளும் அரிக்கவில்லை, ஈரத்தோடு போகவில்லை. அந்த நன்றி என் மாமாவுக்கு மட்டும்தான்.

அந்த வருஷம் லீவு முடிந்தும் அவர் ஆலைக்குத் திரும்பவில்லை. சீசன் முழுக்க எங்களை அருவிக்குக் கூட்டிப்போனார். மாமாவுக்கு இவ்வளவு பெரிய லீவு கொடுத்தார்களே, எவ்வளவு நல்ல ஆலை என்று நான் வகுப்பில் பெருமையடித்தேன்.

அவரை ஏன் வேலையை விட்டு அனுப்பினீர்கள்? ஊரறியப் பதில் சொல்லுங்கள்.